நாலு போட்டோவும் நாலு சுவரும்

"சார், கேமரா வயர் எந்தெந்த இடத்துல வருதுன்னு நீங்க போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களாமே? அக்கா சொன்னாங்க" என்றார் எலக்ட்ரீஷியன், ஏணியின் மூன்றாம் படியில் நின்றபடி.

வீட்டுக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். போன் இருந்தது. போனுக்குள் போட்டோவும் இருந்தது. அதுதான் பிரச்சினை.

இந்த வீட்டை எழுப்பியது முழுக்க அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன். கல், மணல், கதவு, ஜன்னல் எல்லாம் அவர் பொறுப்பு. சமையலறைக் கதவைத் திறந்தால் அடுப்பில் இடிக்கிற மாதிரி ஒரு யோசனை சொன்ன நாளிலிருந்து வீட்டுக்காரரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பார்த்துப் பார்த்து மனைவிதான் ஒரு வேலை கொடுத்தாள்.

"சிசிடிவி கேமராவுக்கு வயரெல்லாம் சுவத்துக்குள்ளயே போகுது. பூசுறதுக்கு முன்னாடி, நாலு மூலையிலயும் வயர் எங்க வருதுன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சிடுங்க. ஒரே வேலை. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கொத்தனார் கையில் போனைக் கொடுத்து, ஒவ்வொரு மூலையிலும் சுவரோடு ஒட்டி நின்று, கையைக் கட்டிக்கொண்டு நாலு போட்டோ எடுத்துக்கொண்டார். சொந்த வீடு என்று ஆபீஸில் காட்ட வேண்டாமா? சட்டை கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்தவர், சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளோ கொஞ்சம் அகலம். அன்று மாலை பெருமையாகப் படங்களைத் திறந்தபோதுதான், வயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் தானே நிற்பது தெரிந்தது. மறுநாள் ஓடினார். அதற்குள் சுவர் முழுக்கப் பூசியாகிவிட்டது.

"எடுத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எடுத்துட்டேன்" என்றார். பொய் இல்லை. ஆனால் நாலு மாதமாக அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வாரத்தில் நாலு நாள் அவருக்கு வெளியூர் வேலை. மனைவியும் குழந்தையும் இந்த வீட்டில் தனியாக இருக்கப்போகிறார்கள். அவள் கேமரா கேட்டது அதற்குத்தான். நாளை மறுநாள் குடிவருகிறார்கள்.

"சார்?" எலக்ட்ரீஷியன் முகத்திலும் ரத்தமே இல்லை. வெயில் போலிருக்கிறது.

"அது வந்து... போன் ரிப்பேர் ஆயிடுச்சு. போட்டோ எல்லாம் அழிஞ்சு போச்சு."

"எல்லாமே போச்சா சார்?"

"எல்லாமே."

"அட, பரவால்ல சார்!" எலக்ட்ரீஷியன் ஏணியை விட்டு இறங்கியே வந்து சிரித்தார். "போட்டோவா முக்கியம்? நீங்க ஞாபகத்துல இருந்து சொல்லுங்க. நான் உடைச்சுப் பாக்குறேன்."

எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் வீட்டுக்காரர். வேறு ஆளாக இருந்தால் காய்ச்சி எடுத்திருப்பான்.

"வாசல் பக்கம், வலது மூலை" என்று குத்துமதிப்பாகக் கை காட்டினார்.

புது பெயிண்ட் அடித்த சுவரில் ஒரு சாண் அளவுக்கு உடைத்தார்கள். செங்கல் வந்தது. இன்னும் ஒரு சாண். இன்னும் செங்கல்.

"இடது பக்கமா இருக்குமோ?"

"நீங்க சொன்னா சரிதான் சார்."

இடது பக்கமும் செங்கல்தான். சத்தம் கேட்டு மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்தார். இரண்டு ஓட்டைகளையும் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்பிள, பெயிண்ட் காஞ்சு மூணு நாள்கூட ஆகல. அளந்து சொல்லக் கூடாதா?"

"போட்டோ அழிஞ்சு போச்சு மச்சான். இதோ அளந்துட்டு வரேன்" என்று வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். திருட்டுத்தனமாகப் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். வயர் தெரியவில்லை. தன் முகம்தான் மேலும் பெரிதானது. ஆனால் ஒன்று புரிந்தது. சுவரில் வேறெங்கும் வயர் இல்லை. ஆகவே அது தன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தாக வேண்டும். தான் நின்ற இடம் தெரிந்தால் போதும்.

வெளியே வந்து, பக்கவாட்டுச் சுவரோடு ஒட்டிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னைச் சுத்திக் கோடு போடுங்க" என்றார்.

"சார்?"

"போடுங்க. அந்தக் கோட்டுக்குள்ளதான் இருக்கு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எலக்ட்ரீஷியன் மறுபேச்சு பேசாமல் பென்சிலால் தலை, தோள், இடுப்பு என்று வரைந்துகொண்டே வந்தார். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் விலகியதும், தொப்பை இருந்த இடத்தில் உளியை வைத்து ஒரு போடு போட்டார் எலக்ட்ரீஷியன்.

வயர் வரவில்லை. தண்ணீர் வந்தது.

குழாய் சீறியதில் மச்சான் நனைந்தார், புது பெயிண்ட் வழிந்தது, கீழே அடுக்கியிருந்த கேமராப் பெட்டிகள் நாலும் குளித்தன. மச்சான் ஓடிப்போய்த் தொட்டி வால்வை மூடுவதற்குள் கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரரின் மனைவி உள்ளே நுழைந்தாள்.

மூன்று ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பென்சில் உருவத்தையும் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. நேராக எலக்ட்ரீஷியனிடம் போனாள்.

"என்ன தம்பி இது? நீங்க போட்ட வயரு எங்க போகுதுன்னு உங்களுக்கே தெரியாதா?"

எலக்ட்ரீஷியன் தலை கவிழ்ந்தார்.

"வேலை தெரியலன்னா ஒத்துக்கவே கூடாது. உங்களைப் போய்த் தெருவுல நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. அந்த நாலு வீட்டுலயும் நானே சொல்லிடுறேன்."

எலக்ட்ரீஷியன் உளியையும் சுத்தியலையும் தண்ணீரிலிருந்து பொறுக்கிப் பையில் போட்டார். "சார்தான் உடைக்கச் சொன்னார்" என்று ஒரு விரல் நீட்டவில்லை. வீட்டுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் தொப்பை மறைத்ததற்கு இன்னொருவர் பிழைப்பு போவதா? மனைவி முன்னால் மானம் போவது ஒன்றும் புதிதில்லை. இது அதைவிடக் கேவலம்.

"நிறுத்து" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "அவர் மேல தப்பு இல்ல. எல்லாம் நான்தான்."

போனை எடுத்து நீட்டினார்.

"அழிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க?" என்றார் மச்சான், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"அழியல."

மனைவி முதல் படத்தைப் பார்த்தாள். தள்ளினாள். இரண்டாவது. மூன்றாவது. வீட்டுக்காரர் தரையில் மிதந்த கேமரா அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலுலயும் நீங்க" என்றாள்.

"ஆமா."

"நாலாவதுல கூலிங் கிளாஸ் வேற."

"அந்தப் பக்கம் வெயில்..."

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. "எடுத்துட்டேன்னு சொன்னீங்களே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

பிறகு எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். "தம்பி, மனசுல வெச்சுக்காதீங்க. தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"ஐயோ அக்கா, நீங்க எதுக்கு என்கிட்ட..." அவர் நிமிரவே இல்லை.

வீட்டுக்காரர் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்துபோய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேல பழி விழட்டும்னு பாத்துக்கிட்டு நின்னேன். நான் பாட்டுக்குக் கண்ட இடத்தையும் காட்டினேன். நீங்க ஒரு வார்த்தை கேக்காம உடைச்சீங்க. என்னை மன்னிச்சிடுங்க."

"சார், தயவுசெஞ்சு அப்படியெல்லாம் பேசாதீங்க சார்." எலக்ட்ரீஷியனுக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னால தாங்க முடியல."

மச்சானுக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்று மனைவி உருகிப்போய், தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அவரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தாள். எலக்ட்ரீஷியன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே வாசலை நோக்கி நகர்ந்தார்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மெயின் ரோட்டு எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இறங்கி, பாலித்தீன் உறை பிரிக்காத ஒரு பெரிய வயர் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்பா, இந்த வீட்டுக் கேமராவுக்குன்னு நீ எடுத்து வெக்கச் சொன்ன வயரு நாலு மாசமா கடையிலயே கிடக்கு, இப்பவாவது சுவத்துக்குள்ள போடப்போறியா இல்லையா?"