ஸ்கேல் வளைத்த தூண்

பெங்களூருவில் கோணல் எதையாவது கண்டால் காய்ச்சல் வருகிற ஒரே மனிதர் நாங்கள் ஸ்கேல் என்று கூப்பிட்ட அண்ணன்தான். சிவாஜிநகரில் நாங்கள் கல்யாண ஆல்பம் போட்ட ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் திரைமேல் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார். அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸில் எடுத்த படத்தில் ஓரத்துத் தூண்கள் வில்லாக வளையும். அவற்றை நிமிர்த்தாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை மல்லேஸ்வரத்துக்காரர் ஒருவரின் வீட்டுப் படத்தில், பிறவியிலேயே சாய்ந்த தென்னையையும் நிமிர்த்திவிட்டார்.

"இது நம்ம மரமே இல்லையே."

"மரந்தான் சார் தப்பா நிக்குது."

படம் எடுக்கிற என்னையும் அவர் விடமாட்டார். "கண்ணை எங்கப்பா வெச்சிட்டு எடுக்கிற?" என்று தினமும் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் நான் மாட்டினேன். ஒரு கல்யாணத்தில் சின்ன மேடை, நாற்பது பேர். வைட் லென்ஸ் போட்டு ஒரே படமாக எடுத்தேன். ஓரத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் அத்தை. படத்தைப் போனில் பார்த்தவர், தன்னைப் பூசணிக்காயாக்கிவிட்டோம் என்று கொதித்துவிட்டார்.

"பதினோரு மணிக்கு அவங்களே வராங்க. படம் சரியில்லன்னா நாளையிலேந்து நீ வரவேணாம்" என்றார் முதலாளி.

மணி பத்தரை. ஸ்கேல் படத்தைத் திறந்தார். அவர் ஏற்கெனவே நிமிர்த்தியிருந்த தூண்கள் கம்பீரமாக நின்றன. தூணை நிமிர்த்தினால் ஓரத்து ஆள் அகலமாவார். ஆளைச் சரிசெய்தால் தூண் வளையும்.

"ரெண்டும் நேரா வராதாண்ணா?"

"வராது."

ஸ்கேலைத் தூண்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பத்தே முக்கால். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. "ஸ்வல்ப இருப்பா" என்று கன்னடத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி முனகியபடி ஸ்கேலை டிராயருக்குள் போட்டு மூடினார். மவுஸ் நகர்ந்தது. அத்தை இளைத்தார், தூண் வளைந்தது. ஸ்கேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தை திரையை ஒட்டி நின்று பார்த்தார். "ம், இது நான்." பிறகு விரலை நீட்டினார். "தூண் ஏம்பா வளைஞ்சிருக்கு?"

ஸ்கேல் வாழ்க்கையில் முதன்முறையாகப் பொய் சொன்னார்.

"மண்டபத்தையே அப்படித்தாம்மா கட்டியிருக்காங்க."

"அதானே, அன்னைக்கே பார்த்தேன்" என்றார் அத்தை.

அன்று முழுக்க ஸ்கேல் அந்த டிராயரைத் திறக்கவில்லை.

இப்போது அவர் வேறு இடத்தில் வேலை பார்க்கிறார். யாரோ வீட்டுக் கல்யாணந்தான் என்றாலும் அந்தப் படம் ஈஜிபுராவில் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வேண்டுமென்றே கோணலாக மாட்டியிருக்கிறேன். அதை நிமிர்த்துவதற்காவது அவர் அடிக்கடி வரட்டும்.