கால இயந்திரத்துக்கு ஒரு விண்ணப்பப் படிவம்

வன்னியில் கையில் படிவத்தோடு யாருடைய படலையையும் திறப்பதற்கு முன் நூறு தரம் யோசிக்கவேண்டும். நான் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. (கம்பஸ் படித்த பிள்ளைக்கு எதற்கு யோசனை?)

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துத் தங்கி, தமிழில் வந்த அறிவியல் புனைகதைகளையும் மாயக் கதைகளையும் பற்றி முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஊரில் யாரும் கேட்டால் அம்மா, “பிள்ளை பறக்கிற தட்டைப் பற்றிப் படிக்குது” என்பார். கேட்டவர்கள் அதற்குப் பிறகு வேறொன்றும் கேட்பதில்லை.

மூன்றாம் இயலில் ஒரு வசனம் எழுதினேன். ‘இடப்பெயர்வுகளைக் கண்ட சமூகத்தினர் அன்றாடத் தேவைகளிலேயே அமிழ்ந்திருப்பதால், அதீத கற்பனையில் நாட்டமற்றவர்கள்.’ அதன் அழகில் நானே மயங்கி இரண்டு தரம் வாசித்தேன். பேராசிரியர் மயங்கவில்லை. பக்கத்தில் சிவப்புப் பேனையால் “யாரைக் கேட்டீர்?” என்று எழுதித் திருப்பித் தந்தார்.

நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. ஆகவே ஒரு வினாக்கொத்துத் தயாரித்தேன். இரண்டே கேள்விகள். வேற்றுக்கிரகவாசிகள் உங்கள் கிராமத்துக்கு வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? உங்களுக்குக் கால இயந்திரம் ஒன்று வழங்கப்பட்டால் எந்தக் காலத்துக்குச் செல்வீர்கள், ஏன்? பார்ப்பதற்கு விஞ்ஞானபூர்வமாக இருக்கட்டும் என்று, சமூகவியல் படித்த தோழியின் படிவத்திலிருந்து மேல்பகுதியை அப்படியே எடுத்து ஒட்டினேன். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், குடும்ப அங்கத்தவர் தொகை. முப்பது பிரதிகளை முல்லைத்தீவு பஸ் நடத்துனரிடம் கொடுத்து எங்கள் ஊரான விசுவமடுவுக்கு அனுப்பினேன். அம்மா அங்கே மாதர் சங்கச் செயலாளர்.

அன்று பின்னேரமே அம்மாவின் அழைப்பு வந்தது.

“இது என்ன படிவம் பிள்ளை? சனம் கேட்டால் என்ன சொல்லுறது?”

“ஆய்வுக்கு அம்மா. குடுத்து நிரப்பி வாங்கி வையுங்கோ. எனக்கு இப்ப கதைக்க நேரமில்லை.”

அம்மா கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு யாரோ ஒருவர் வந்து, வீட்டுத் திட்டம் என்று எல்லோரிடமும் அடையாள அட்டைப் பிரதி வாங்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். அவரைக் கூட்டிவந்த பழைய செயலாளர் ஊர் முகத்தில் முழிக்கமுடியாமல் சங்கத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். அவருடைய இடத்துக்கு வந்த அம்மா, தனக்கு விளங்காத ஒரு கடதாசியும் தன் கையால் வராது என்று எல்லோர் முன்னும் சொல்லியிருந்தார். மகள் அனுப்பினது என்பதால் இதை மட்டும் அப்படியே ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

நிரப்பிய படிவங்களை வாங்க, சனிக்கிழமை காலை ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஐம்பது சைக்கிள். உள்ளே கதிரை போதாமல் சுவரோரம் நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் ஆவணங்கள் வைத்த பிளாஸ்டிக் உறை. முப்பது படிவம் போதவில்லை என்று சந்திக் கடையில் பிரதி எடுத்து நிரப்பியிருக்கிறார்கள். மேசையில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் அடையாள அட்டைக் கொப்பி குத்திய படிவக் கட்டு, எனக்கென்று ஒரு சோடா, பிஸ்கற். சங்கத் தலைவி யோகமக்கா பெயர்ப் பட்டியலோடு வந்தார்.

“பெண் தலைமைத்துவக் குடும்பங்களை மேல போட்டிருக்கிறன். மெசின் வீட்டுக்கு ஒண்டோ, இல்லாட்டி நாலு வீட்டுக்கு ஒண்டோ?”

ஊர் ஒன்றும் விளங்காத ஊர் அல்ல. மீள்குடியேறிய நாளிலிருந்து தகரம், தையல் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் இயந்திரம் எல்லாம் படிவத்தில்தான் வந்தன. கிணறு கேட்டு எழுதியவருக்குப் பத்துக் கோழி வந்தது. கேட்கிறதை எழுதுவது, வருகிறதை வாங்குவது என்பதுதான் அவர்கள் கண்ட நடைமுறை.

நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். விரிவுரை செய்தேன். கால இயந்திரம் என்பது ஒரு புனைவு உத்தி என்று தொடங்கி, யதார்த்தத்தின் எல்லைகள் வழியாகப் போய், கால் மணித்தியாலத்தில் மூச்சு வாங்கினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

கடைசியில் தோட்டம் செய்கிற ராசதுரை அண்ணை எழும்பினார். “பிள்ளை, நல்லாக் கதைக்கிறாய். சாமான் எப்ப வரும்?”

“சாமான் வராது அண்ணை. அப்பிடி ஒரு மெசின் உலகத்திலயே இல்லை.”

பின்னுக்கிருந்து ஒரு குரல் கேட்டது: “அப்ப எங்கட அட்டை நம்பர் எதுக்கு?”

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. அவர் மெல்ல எழும்பினார்.

“என்ர பிள்ளை எண்டபடியால் விளங்காமலே குடுத்திட்டன். பிழை என்னில. நான் பொறுப்பை விட்டிடுறன்.”

எனக்கு இரண்டு காதும் கொதித்தன. படித்த தமிழ் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. “இல்லை, அம்மா என்னட்டைக் கேட்டவா. நான்தான் நேரமில்லை எண்டு போனை வைச்சனான். எல்லாரும் மன்னியுங்கோ” என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். (இருபத்தாறு வயது. மூக்கு வேறு ஒழுகியது.)

யோகமக்கா மேசையில் தட்டினார். “சரி, ரெண்டு பேரும் இருங்கோ. ஒருத்தரும் விலகத் தேவையில்லை. அட்டைக் கொப்பியள் எல்லாம் இப்பவே திருப்பிக் குடுபடும், நம்பரையும் வெட்டுவம். ஆனால் நான் ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சு எழுதினனான். அதையாவது வாசி பிள்ளை, கேப்பம்.”

வாசித்தேன். ராசதுரை அண்ணை கால இயந்திரத்தில் தை மாதத்துக்குப் போய், மழை எப்படி என்று பார்த்துவிட்டு வந்து கச்சான் கடலை போடுவாராம். மண்டபம் சிரித்தது. இன்னொருவர், வேற்றுக்கிரகவாசிகளை முதலில் ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையாரிடம் கூட்டிப்போய்ப் பதிவாராம். ஒரு பெண், இடம்பெயர்ந்து வீட்டை விட்டு ஓடிய அந்த நாளுக்குப் போய், அலுமாரியிலிருந்து கலியாண அல்பத்தை மட்டும் எடுத்துவருவேன், தங்கச்சியின் முகம் மறக்கத் தொடங்குகிறது என்று எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

யோகமக்கா எழுதியிருந்தது இது: ‘பறக்கிற தட்டில வாறவைக்கு முதல் தேத்தண்ணி குடுப்பன். பிறகு எங்கையிருந்து இடம்பெயர்ந்து வந்தனீங்கள் எண்டு கேப்பன். சும்மா ஒருத்தரும் தங்கட இடத்தை விட்டு வரமாட்டினம்.’

நான் வாசித்த அத்தனை கதைகளிலும் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. ‘அதீத கற்பனையில் நாட்டமற்றவர்கள்’ என்று எழுதிய கையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

அடுத்த படிவத்தில் பெயர் இல்லை. அந்த வேகத்திலேயே உரத்து வாசித்தேன்:

‘ஒரு காலத்துக்கும் போகமாட்டன். மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளிக்கிழமை வாறன் எண்டு சொல்லுறவள். கன நாளாய் வாறேல்லை. எண்டாலும் வந்தால் வீட்டில ஆள் நிக்கவேணும்.’

பாதியிலேயே விளங்கிவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. நிமிர்ந்தபோது முழு மண்டபமும் என்னைத்தான் பார்த்தது. அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “சும்மா எழுதினது” என்றார்.

“இவள் வராட்டிச் சொல்லு” என்றார் யோகமக்கா அம்மாவிடம். “மெசின் வந்ததும் உன்னைத்தான் முதல் ஏத்திவிடுறன்.” அம்மாதான் முதலில் சிரித்தார்.

அந்த வசனத்தை வெட்டினேன். மூன்றாம் இயலை முழுவதும் திருப்பி எழுதினேன். அம்மா இன்றைக்கும் செயலாளர்தான். நான் இப்போது விரிவுரையாளர். கருத்தரங்கு, கூட்டம் எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸைத் தவறவிடுவதில்லை.

கனடாவிலிருக்கும் தம்பிக்கு இந்தக் கதையை யார் சொன்னார்களோ தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவை அழைத்து, “என்னம்மா, மெசின் வந்திட்டுதோ?” என்பான்.

“வந்திட்டுதடா” என்பார் அம்மா. “குசினிக்குள்ள இருந்து சோறு தின்னுது.”