கம்பத்தின் உச்சியில் கண்ட சம்பந்தி

மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகப் பார்க்கும்போது பெண்ணின் அக்காள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் சில எதிர்பார்ப்புகள் உண்டு. சேலை கட்டியிருக்க வேண்டும். வாசலுக்கு வந்து கைகூப்ப வேண்டும். குறைந்தபட்சம், கால் தரையில் இருக்க வேண்டும். என் தங்கை கவிதாவின் மாமனார் என்னை முதன்முதலாகப் பார்த்தபோது நான் ஓர் இரும்புக் கம்பத்தின் உச்சியில், அரைக்கால் சட்டையோடு, கூரையில் தலை முட்ட, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜொகூர் பாருவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து, விரல் நகம் அளவுள்ள பொருள்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். முப்பத்தைந்தைத் தாண்டியதும் என் கழுத்தும் இடுப்பும் தங்களைக் கெட்டது பக்கம் தள்ளிக்கொண்டன. டாக்டர், "ஏதாச்சும் எக்சர்சைஸ் பண்ணுங்க லா" என்றார். பூங்காவில் ஸும்பா ஆடிப் பார்த்தேன். எல்லோரும் வலப்பக்கம் திரும்பும்போது நான் இடப்பக்கம் திரும்பி, பக்கத்து ஆன்ட்டியோடு தினம் நெற்றி முட்டிக்கொண்டேன். ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே நான் தூக்கிய ஒரே கனமான பொருள் என் தண்ணீர் பாட்டில்.

அப்போதுதான் கூட வேலை செய்யும் ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீடியோ காட்டினாள். என்னைவிட மூத்த ஒரு பெண்மணி செங்குத்தான கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டும் காற்றில் நீட்டி, கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தார். அதைவிட, அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து செருப்பு மாட்டும்போதுகூட அப்படிச் சிரித்ததில்லை. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என் கணவர் குமரன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம் சொன்னேன்.

"நான் கம்பத்துல டான்ஸ் கத்துக்கப் போறேங்க."

"எந்தக் கம்பம்?"

(எங்கள் ஊர்ப் பேச்சில் கம்பம் என்றால் கிராமம். மலாய்க்காரர்களிடம் வாங்கியது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.)

"ஐயோ, இரும்புக் கம்பம்."

"இரும்புக் கம்பமா? அது கோத்தா திங்கி பக்கமா இருக்கு?"

வீடியோவைக் காட்டினேன். அவர் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, பிறகு நேராகப் பிடித்து, மறுபடி தலைகீழாகத் திருப்பினார். "விழுந்தா?" என்றார். மெத்தை போட்டிருப்பார்கள் என்றேன். "அப்ப சரி" என்று ரசத்துக்குப் போய்விட்டார். அம்மாவிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். அவர் அதைத் தன் வழியில் புரிந்துகொண்டு, மகள் ஏதோ கம்பத்துப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தரப் போகிறாள் என்று கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

இனி ஸ்டூடியோ தேட வேண்டும். கம்பம் தரையிலும் கூரையிலும் இறுக்கமாகப் பொருத்தியிருக்கிறதா, கீழே தடித்த மெத்தை உண்டா, மேலே ஏறும்போது ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பாரா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று இணையத்தில் படித்து மனப்பாடம் செய்துகொண்டேன். முதல் ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கம்பத்தைப் பிடித்து லேசாக அசைத்தேன். கம்பம் திருப்பி அசைந்தது. "ரொம்ப ஸ்பீடா சுத்தாதீங்க, அது போதும்" என்றார் ஆசிரியர். கும்பிட்டுவிட்டு இறங்கினேன். இரண்டாவது ஒரு பேரங்காடிக்குள். எல்லாம் புத்தம் புதிது, ஆனால் நாலு பக்கமும் கண்ணாடி. வெளியே குமிழித் தேநீருக்கு வரிசையில் நின்ற கூட்டம் உள்ளே ஒரு பெண் தலைகீழாகத் தொங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. நமக்கு மானம் முக்கியம் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது, ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், கடை வரிசையின் முதல் மாடியில். கம்பம் அசையவில்லை. மெத்தை என் வீட்டுக் கட்டிலைவிடத் தடிமன். ஆசிரியை ஷெரில், சீனப் பெண், சின்ன உருவம், இரும்புக் கை. தெருப்பக்கக் கண்ணாடியில், நிற்கிற ஆளின் தலைக்கு மேல் வரை, பால் நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், வாசலிலேயே காடி நிறுத்த இடம் கிடைத்தது. (ஜொகூர் பாருவில் வீடு, பள்ளிக்கூடம், பல் டாக்டர், எதுவானாலும் கடைசியில் இதை வைத்துத்தான் முடிவாகும்.) அங்கேயே சேர்ந்தேன்.

முதல் வகுப்புக்கு உடம்பு முழுக்க மல்லிகை மணக்கும் லோஷன் பூசிக்கொண்டு போனேன். கம்பத்தைக் கட்டிப்பிடித்த மறு நொடி லிஃப்ட் மாதிரி கீழே வந்தேன். "லோஷன் கூடாது, எண்ணெய் கூடாது, நீளக் கால்சட்டை கூடாது, தோல்தான் பிடிமானம்" என்றாள் ஷெரில். இப்படியாக அரைக்கால் சட்டை என் வாழ்க்கைக்குள் வந்தது. தொடையெல்லாம் கன்றிப்போன நீலத் தழும்புகள். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் ஒரு சாண் உயரம் கூடியது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் உடம்பு எனக்காக ஏதோ ஒன்று செய்தது.

இதற்கிடையில் கவிதாவுக்கு வரன் வந்தது. பையன் சஞ்சீவ், காஹாங்கைச் சேர்ந்தவன். இருவருக்கும் முன்பே பழக்கம், பெரியவர்கள் சந்தித்துப் பேச வேண்டியதுதான் பாக்கி. இடம் பார்க்கும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார். நான் என் புத்திசாலித்தனம் முழுவதையும் திரட்டி, ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே இருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியைப் பதிவு செய்தேன். விருந்து ஒரு மணிக்கு. என் வகுப்பு பன்னிரண்டுக்கு முடியும். குளித்து, சேலை கட்டி, சாலையைக் கடந்தால் விருந்து. இதைவிடக் கச்சிதமான திட்டத்தை யாரும் போட்டிருக்க முடியாது.

மாப்பிள்ளையின் அப்பா ராஜமாணிக்கம் எங்கேயும் தாமதமாகப் போய் அறியாதவர் என்பது எனக்குத் தெரியாது. காஹாங்கிலிருந்து கோழி கூவும்போதே கிளம்பி, பதினொன்றரைக்கெல்லாம் கடைக்கு வந்துவிட்டார்கள். செய்தி கேட்டு அம்மாவும் கவிதாவும் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். எனக்கு எத்தனையோ தடவை போன் அடித்திருக்கிறார்கள். போன் என் பைக்குள், பை அலமாரிக்குள், நான் கம்பத்தில்.

அன்றுதான் முதல் தடவையாகக் கூரையைத் தொடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஏறினேன். தொட்டேன். கீழே எல்லோரும் கைதட்டினார்கள். "குட்! இப்ப மெதுவா இறங்கு" என்றாள் ஷெரில். கீழே பார்த்தேன். அதுதான் தப்பு. தரை எங்கேயோ பாதாளத்தில் கிடந்தது. ஏறுவதற்குச் சம்மதித்த கை கால்கள் இறங்க மறுத்துவிட்டன. தொடை நடுங்கத் தொடங்கி, நடுக்கம் தோளுக்கு ஏறி, பல் தாளம் போட ஆரம்பித்தது.

கீழே பார்க்கக் கூடாது, நேரே பார்ப்போம் என்று தலையை நிமிர்த்தினேன். அந்த ஸ்டிக்கர் நிற்கிற ஆளின் தலை வரைக்கும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு மேலே பளிங்கு போன்ற கண்ணாடி. குறுகிய சாலைக்கு அப்பால், சாப்பாட்டுக் கடை மாடியின் ஜன்னல். ஜன்னலோரம் அம்மாவின் முதுகு. எதிரே சஞ்சீவ். பக்கத்தில் என்னையே பார்த்தபடி, வாய்க்குப் போன முறுக்கு பாதியில் நிற்க, வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர்.

அசையாமல் இருந்தால் கம்பத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்வார் என நம்பினேன். (நம்பிக்கை என்பது அந்த உயரத்தில் எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.) அவர் எழுந்தார். என்னைக் கை காட்டி ஏதோ கத்தினார். கவிதா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. பிறகு, கூடப்பிறந்தவள் செய்யக்கூடிய காரியமா அது, ஒன்றுமே பார்க்காதவள் போல மெனு அட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். பெரியவரைக் காணவில்லை.

அவர் மின்சார இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு பெண் இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விட முடியாமல், உடம்பெல்லாம் உதற, கண் பிதுங்கி நிற்கிறாள். அவர் படித்த படிப்புக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கதவு படீரென்று திறந்தது. கடைச் சமையற்கட்டின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் மாப்புக் கட்டையோடு, ராஜமாணிக்கம்.

"ஜாங்கான் பெகாங்! யாரும் தொடாதீங்க! கரண்டு!"

மலாயிலும் தமிழிலும் கேட்டு எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சை அடித்தார். விளக்கு, ஏர்கான், பாட்டு எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன.

"அம்மா, பயப்படாதீங்க! கைய எடுக்க முடியலையா?"

"முடியல அங்கிள்" என்றேன். அது சத்தியமான உண்மை.

"அலமாக், அங்கிள், நோ எலெக்ட்ரிக்!" என்று ஷெரில் குறுக்கே பாய்ந்தாள். அதற்குள் அவர் மாப்புக் கட்டையால் என் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று போட்டார். கை விட்டது. தோல் கம்பத்தில் உராய்ந்து நாய்க்குட்டி அழுவது மாதிரி ஒரு சத்தம் எழ, நேரே வந்து மெத்தையில் விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது வாசலில் அம்மா, சஞ்சீவ், சஞ்சீவின் அம்மா.

"புவனா!" என்றார் அம்மா. அந்த ஒரு சொல்லில் என் அரைக்கால் சட்டை, நீலத் தழும்புகள், கோயிலில் சொன்ன கதை எல்லாம் இருந்தன.

ராஜமாணிக்கம் அம்மாவைப் பார்த்தார். "உங்க மகளா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என அம்மா யோசித்ததை நான் கண்ணால் பார்த்தேன். "மூத்தவ" என்றார் கடைசியில், ஈனக்குரலில்.

"நல்ல நேரம் நான் பார்த்தேன். எர்த் சரியில்ல இங்க." சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கம்பத்தில் வைத்தார். எரியவில்லை. "பார்த்தீங்களா? நான் மெயின ஆஃப் பண்ணதால எரியல" என்றார் வெற்றியோடு. 

விருந்தில் நான் சேலைக்குள் எவ்வளவு ஒடுங்க முடியுமோ அவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்தேன். ராஜமாணிக்கம் எனக்கு மட்டும் சீனி கூடுதலாகப் போட்டு, பாலில்லாத தேநீர், தே ஓ, வரவழைத்தார். கை நடுங்கிச் சோறு இலையைத் தாண்டி விழுந்தபோதெல்லாம், "ஷாக்கோட எஃபெக்ட், ரெண்டு நாளைக்கு இருக்கும்" என்று எல்லோருக்கும் விளக்கினார். நேரத்துக்கு வந்த குமரன் நடந்ததைக் கேட்டு, என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் டம்ளருக்குள் சிரித்து மூக்கு வழியாக இருமினார். கவிதா என் பக்கமே திரும்பவில்லை. தங்கையின் கல்யாணம் என் தொடைத் தழும்பால் நின்றுபோனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்?

கை கழுவும் இடத்தில் சஞ்சீவின் அம்மா என் பின்னால் வந்து நின்றார். இதோ வருகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது கரண்டு இல்லன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் மெதுவாக. "என் மருமகன் வீட்டுப் பிள்ளைகூட கோலாலம்பூர்ல இந்த டான்ஸ்தான் ஆடுது. ஆனா இவருகிட்ட சொல்லிடாத. வேலைய விட்டதுலேருந்து மனுஷன் இப்படி ஒரு நாள் சந்தோஷமா இருந்து நான் பார்க்கல."

எட்டிப் பார்த்தேன். ராஜமாணிக்கம் பரிமாறுகிற பையன்களை நிற்க வைத்து, கரண்டு அடித்தால் ஏன் கையால் தொடக் கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது.

"இவங்க வீட்டு மூத்த பொண்ணு உசிர நான் காப்பாத்தியிருக்கேன், இனிமே பேச்சு என்ன பேச்சு, தேதிய குறிங்க" என்றார் பாயசம் வந்தபோது. இப்படியாகக் கல்யாணம் முடிவானது. கவிதா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள். அடிபட்ட கை. வலியில் உயிர் போனது.

நான் இன்னும் சனிக்கிழமை தோறும் அதே ஸ்டூடியோவுக்குப் போகிறேன். ஸ்டிக்கரைக் கூரை வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். இப்போது ஏறவும் தெரியும், இறங்கவும் தெரியும். தலைகீழாகத் தொங்கிச் சிரிக்கக்கூட வருகிறது. ஆனால் சம்பந்தி வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் ராஜமாணிக்கம் மாமா என்னைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, "இந்தப் பொண்ணுதான்" என்று தொடங்குவார். நான் மணிக்கட்டை நீட்டிக் காட்ட வேண்டும். எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் கம்பம் கொஞ்சம் உயரமாகிறது, வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடுகிறது. போன தீபாவளிக்குப் புகையே வந்துவிட்டது.

கவிதாவின் மகள் யாழினிக்கு நாலு வயது. தாத்தாவின் கதையைக் கேட்டே வளர்ந்தவள். அவளுக்கு நான் வெறும் பெரியம்மா இல்லை, கரண்டு பெரியம்மா. போன மாதம் ஒரு சாயங்காலம், நல்ல இடி மழை, கவிதாவின் போனிலிருந்து அழைப்பு. எடுத்தால் யாழினி.

"கரண்டு பெரியம்மா, எங்க வீட்டுல கரண்டு போயிடுச்சு. உங்க உடம்புல இருக்குல்ல, கொஞ்சம் எடுத்துக்கிட்டு வாங்க."