எக்ஸ்ரே தூக்கிப் பார்த்த வானம்

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்காமல் எக்ஸ்ரே இந்த உலகத்தில் எதையும் நம்பியதில்லை. தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பெயரும் அதுவே ஆகிவிட்டது. ஓட்டலில் தோசை வந்தால் ஜன்னல் பக்கம் தூக்கி, "நடுவுல வேகல" என்று திருப்பி அனுப்புவார். நான் மனுப் போட்ட வேலைக்கு வந்த தபாலை உறை கிழிக்காமலே படித்து, "கெடைக்கல தம்பி" என்றவர்.

வால்நட்சத்திரம் வந்துபோனதிலிருந்து எனக்கு வானப் பைத்தியம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே குட்டிக் கோள்கள் ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவரே அதற்குப் பெயர் வைக்கலாம் என்று அவரிடம் உளறிவிட்டேன். தூக்கிய தோசை அந்தரத்தில் நின்றது.

"பேரு நாமளே வெக்கலாமா?"

அவர் வீட்டில் ஒரு பெயர் பதினெட்டு வருஷமாகக் காத்திருந்தது. பெண் பிறந்தால் ரோசலின் என்று அவரும் மனைவி ஆரோக்கியம் அக்காவும் கல்யாணமான மாசமே முடிவு செய்திருந்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி, மலைமேல் இருக்கும் வானாய்வுக்கூடத்துக்குப் போனோம். ஒளிப்பெட்டிமேல் இரண்டு கண்ணாடித் தகடுகள். வானத்தின் ஒரே துண்டு, அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் எடுத்த படம். நெகட்டிவ் என்பதால் வெள்ளை வானம், கறுப்பு நட்சத்திரங்கள். தொடாதீர்கள் என்று அங்கிருந்த ஆராய்ச்சியாளர் சொல்லி முடிப்பதற்குள் எக்ஸ்ரே ஒன்றை ஜன்னலுக்குத் தூக்கி, பெட்டிமேல் கிடந்த மற்றதோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார். கீழே விழுந்தால் அந்த வானம் இனிக் கிடைக்காது. ஆராய்ச்சியாளர் இரண்டு கையையும் தகட்டுக்கு அடியில் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இந்தப் புள்ளி நகந்துருக்குங்க. எலும்பா இருந்தா மாவுக்கட்டுப் போடச் சொல்லுவேன்."

ஆராய்ச்சியாளர் தகட்டைப் பிடுங்கி லென்ஸில் பார்த்தார். மறுபடி பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டுக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும், புதிதாக இருந்தால் இன்னும் பல இரவு பார்த்துப் பாதை கணக்கிட வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயர் என்றார். எக்ஸ்ரே காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் மிட்டாய் கொடுத்தார். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனாக என்னை நியமித்தார். கிருத்திகை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவன், வானத்தில் சுற்றும் ஒரு கல்லுக்கு ஞானத்தகப்பன்! சிரித்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன். கொடியில் ஒரு குட்டி வெள்ளைக் கவுன் காய்ந்தது. ஞானஸ்நானத்துக்கென்று ஆரோக்கியம் அக்கா பதினெட்டு வருஷம் பெட்டியில் வைத்திருந்தது. என் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

போன வாரம் வானாய்வுக்கூடத்திலிருந்து தபால் வந்தது. எக்ஸ்ரே வெயிலில் தூக்கிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். கிழித்துப் படித்தேன். புள்ளி நிஜம்தான், ஆனால் வேறு யாரோ எப்போதோ கண்டுபிடித்து, எண் கொடுத்துப் பெயரும் வைத்தாயிற்று.

அக்காதான் முதலில் பேசினார். "அது வேற வூட்டுப் புள்ள. அதுக்கு நாம எப்படிப் பேரு வெக்கிறது?" கவுனை மடித்தார். பெட்டியில் வைக்கவில்லை, கைக்கெட்டும் அலமாரியில் வைத்தார். "தம்பி, அங்க பாக்காத தகடு இன்னும் கெடக்குதா?"

கடிதத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன்: மூன்று பீரோ நிறைய இருக்கிறது, சனிக்கிழமைதோறும் வரலாம், தூக்காமல் பார்ப்பதென்றால்.

நாளை சனிக்கிழமை. முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். எக்ஸ்ரே பார்ப்பார். அவர் கை இரண்டையும் பிடித்துக்கொள்வது ஞானத்தகப்பனாகிய என் வேலை.