துவைக்கிற கல்லும் ஒரு சபை வரலாறும்

மேடையில் எதைப் பேசலாம் என்று தெரிந்தவனைவிட எதைப் பேசக்கூடாது என்று தெரிந்தவன்தான் பிழைப்பான். எண்பதுகளின் நடுவில், செஞ்சியில் எங்கள் மெதடிஸ்டு கோயிலின் புதுக் கட்டடம் திறந்த அன்று, எனக்கு இது தெரியாது. அப்போது நான் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, வேலையில்லாமல் கோட்டை அடிவாரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். (தெரிந்திருந்தால் இந்நேரம் ஹெட்மாஸ்டராக ரிட்டையர் ஆகியிருப்பேன். இன்னும் வயிறு எரிகிறது.)

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வேலை காலியாக இருந்தது. பிஷப் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிடைத்துவிடும். அந்தப் பிஷப்தான் கட்டடம் திறக்க வருகிறார். அவர் முன்னால் சபையின் வரலாற்றை நான் வாசிக்க வேண்டும் என்று சபைச் செயலாளர் ஜெயராஜ் அய்யா சொன்னதும், பாதி வேலை கிடைத்துவிட்டதாகவே எங்கள் வீட்டில் நினைத்தோம். அம்மா எனக்காக உபவாசம் இருந்தாள். நைனா மாட்டுவண்டிக்காரர். புதுக் கோயிலுக்கு மணலும் ஜல்லியும் கூலி வாங்காமல் அடித்தவர். அதற்கு மரியாதையாக, திறப்பு முடிந்ததும் பிஷப் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்து காபி குடிப்பதாக ஏற்பாடு.

வரலாறு என்று பார்த்தால் மூன்று கட்டடங்கள்தான். முதலில், வல்லத்திலிருந்து நடந்தே வந்த ஓர் உபதேசியார் புளியமரத்தடியில் போட்ட கீற்றுக் கொட்டகை. அது ஒரு கோடையில் எரிந்துபோனது. பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய ஓட்டுக் கோயில். மழைக்காலத்தில் அங்கே பிரசங்கம் கேட்டவர்களைவிட ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்தவர்கள்தான் அதிகம். அதை இடித்துவிட்டு எழுப்பியதுதான் இந்த கான்கிரீட் கோயில். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கோட்டை கட்டிய ராஜாக்களிலிருந்து ஆரம்பித்து எழுதினேன்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஓட்டுக் கோயிலின் அஸ்திவாரக் கல்லைப் புதுச் சுவரில் பதிக்க வேண்டும் என்பது பிஷப்பின் ஆசை. கல்லைக் காணவில்லை. ஜெயராஜ் அய்யாவிடம் கேட்டேன்.

"இடிச்சப்போ எவனோ களவாண்டுக்கினு போய்ட்டான் எபி. அப்படியே எழுதிடு," என்றார்.

எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பட்டம் வாங்கிய கை சும்மா இருக்குமா?

திறப்பு அன்று கோயில் முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை. அனந்தபுரத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். இரவல் சட்டையில் நின்று நான் முழங்கினேன். கல் திருட்டுக்கு வந்ததும் குரலை உயர்த்தினேன். "கர்த்தருடைய ஆலயத்துக் கல்லில் கைவைத்த பாவி எவனோ, அவன் கை விளங்காமற் போகட்டும்" என்றேன். கோயிலே ஆமென் போட்டது. பிஷப் தலையாட்டினார். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த நைனா மட்டும் ஆமென் சொல்லாமல், குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் பேச்சில் மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோட்டையிலிருந்து வந்த செதுக்கிய கல் ஒன்றாவது கிடக்காத கொல்லை செஞ்சியில் அபூர்வம். வாசற்படி, மாட்டுத்தொட்டிக்கு முட்டு, எல்லாம் ராஜா வீட்டுக் கல். எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நான் காலேஜில் இருந்த நாளில் எங்கள் கிணற்றடிக்கு வந்து சேர்ந்த துவைக்கிற கல்லையும் நான் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அதன்மேல் நின்று பல் விளக்கியபடியேதான் என் உரையை மனப்பாடம் செய்தேன்.

அந்தக் கல்லில் பாசி பிடித்திருந்தது. பிஷப் கால் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். முந்தின நாள், நைனா வண்டியோடும் நான் கோயில் வேலையாகவும் வெளியே போயிருந்த நேரத்தில், அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு அதைப் புரட்டிப் போட்டுவிட்டாள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. அதில் ஏதோ வேலைப்பாடும் இருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. செங்கல் தூள் போட்டுத் தேய்த்து மினுக்கி, அழுக்காகாமல் இருக்க மேலே சாக்கையும் போட்டு மூடி வைத்தாள்.

பிஷப் வந்தார். கூடவே ஜெயராஜ் அய்யாவும் சபைப் பெரியவர்களும் வந்தார்கள். புழுதிக் காலைக் கழுவ பிஷப் கிணற்றடிக்குப் போக, அம்மா பெருமையாகச் சாக்கை உருவினாள். தூக்கிய காலைப் பிஷப் கீழே வைக்கவில்லை. குனிந்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"தேவனுடைய மகிமைக்கென்று, இந்த ஆலயத்தின் அஸ்திவாரக் கல்..."

கீழே துரையின் பெயரும் இருந்தது.

"நல்ல வேலப்பாடு இல்லீங்களா அய்யா? நானே தேச்சேன்," என்றாள் அம்மா.

பிஷப் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்தாக வேண்டும். சரித்திரப் பட்டதாரியான நான் சொன்னேன், "இது கோட்டைக் கல்லுங்க அய்யா."

"கோட்டையில மெதடிஸ்டு ராஜா யாருப்பா இருந்தாரு?" என்றார் பிஷப்.

செம்புத் தண்ணீரோடு நின்றிருந்த நைனா ஜெயராஜ் அய்யா பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே அய்யா சொன்னீங்க, இடிச்ச குப்பைய எல்லாம் வாரிக்கினு போய் ஏரிக்கரைப் பள்ளத்துல கொட்டுன்னு. இதக் கொட்ட மனசு வரல. வூட்டாண்ட கொண்டாந்து போட்டேன். சாமி எழுத்து மேல கால் படக் கூடாதுன்னு குப்புறப் போட்டு வெச்சேன்."

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே," என்றார் ஜெயராஜ் அய்யா. சொல்லிவிட்டு, கோட்டை மலை அன்றைக்குத்தான் முளைத்தது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களும் அவரோடு சேர்ந்து மலையைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் கோயிலை இடித்தபோது கூட நின்றவர்கள்.

பிஷப் காபி குடிக்கவில்லை. நின்றபடியே ஜெபித்தார். ஜெபத்தில் மன்னிப்பு என்ற சொல் தாராளமாக வந்தது. உபவாசம் எதற்காக இருந்தோம் என்று தெரியாமல் அம்மா அன்று ராத்திரியும் சாப்பிடவில்லை.

மறுநாள் நைனாவே கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்கினார். 'மீட்கப்பட்ட கல்' என்று அறிவித்து ஜெயராஜ் அய்யா அதைச் சுவரில் பதித்தார். யாரிடமிருந்து மீட்டது என்று ஊரே சொல்லிக்கொண்டது. வாத்தியார் வேலை ஜெயராஜ் அய்யாவின் மருமகனுக்குப் போனது. கல் என் வீட்டில் கிடைக்காமல் இருந்திருந்தாலும் அவனுக்குத்தான் போயிருக்கும் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. நான் திண்டிவனத்தில் ஓர் உரக்கடையில் மூட்டை எடைபோடப் போனேன். இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குப் போனால் அந்தச் சுவர்ப் பக்கம் நான் உட்காருவதில்லை.

நைனா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பதிலாக, அவர் கையிலிருந்து டம்ளர் நழுவினாலும் சரி, மாட்டுக்கயிறு உருவிக்கொண்டாலும் சரி, "எபி ஜெபம் பலிச்சிடுச்சு" என்பார். வீடே சிரிக்கும். என் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி எங்கள் குடும்பத்தில் முதலில் கற்றுக்கொண்டது இந்த வாக்கியத்தைத்தான். இப்போது என் பிள்ளைகள் வீட்டில் பீங்கான் உடைந்தாலும் இதேதான்.

கடைசிக் காலத்தில் நைனாவுக்கு வாதம் வந்து வலது கை நிஜமாகவே விழுந்துவிட்டது. நான்தான் ஊட்டிவிட்டேன். ஒருநாள் மடியில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோணிய வாயோடு சிரித்தார்.

"அன்னிக்கு ஆண்டவர் நீ பேசுனத கேட்டுக்கினுதாண்டா இருந்துருக்காரு," என்றார். "வேலயக் கேட்டிருக்கலாம் நீ."