செருப்பில் ஓடிய எஞ்சின்

எதைப் பார்த்தாலும் அதிலிருந்து கரண்டு எடுக்கலாம் என்று சொல்கிற மனிதர் ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. உங்கள் ஊரில் அது யார் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள். அருவியைக் கண்டால் குளிக்கமாட்டார். சக்கரம் மாட்டினால் எத்தனை பல்ப் எரியும் என்பார். சாணியைக் கண்டால் அடுப்பு, வெயிலைக் கண்டால் விளக்கு. மனைவி கூப்பிட்டால் மட்டும் காதில் விழாது.

சேந்தமங்கலத்துச் சின்னுசாமி இந்த வகையில் முதல் தரம். எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில், கரண்டு தினமும் சற்றே எட்டிப்பார்த்துவிட்டுப் போன காலத்தில், அவர் தோட்டத்து வெங்காயம் தலை சாய்ந்து கிடந்தது. மோட்டார் ஓடவில்லை. பழைய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. வேறொருவர் என்றால் இடிந்துபோயிருப்பார். சின்னுசாமிக்கோ சந்தோஷம்! மூடிய டிரம்மில் பிளாஸ்டிக்கைப் போட்டு, காற்றை அளவாக விட்டுப் புகையவைத்தால் வாயு வரும், அதில் எஞ்சின் ஓடும் என்று பொட்டலம் மடித்த தாளில் படித்திருந்தாரே!

மறுநாளே தார் டிரம் வந்தது. லாரிப் பட்டறையிலிருந்து குழாய் வந்தது. ஊரிலுள்ள அறுந்த செருப்பு, ஓட்டைக் குடம், பல் போன சீப்பு எல்லாம் சாக்குச் சாக்காக வந்திறங்கின. பற்றவைத்தார்.

“ஏஞ்சாமி, ஊரே மூக்கப் புடிச்சுக்கிட்டு நிக்குது, என்ன பண்றே?” என்று பக்கத்துத் தோட்டத்துப் பெருமாயி வரப்பில் நின்று கத்தினாள்.

“கரண்டு எடுக்கறேனுங்க!”

“வெங்காயம் சாவுது. பேசாம பெருமாயக்கா மாட்டக் கேட்டுத் தண்ணி எறைக்கலாமுங்க” என்றாள் மனைவி சௌந்திரம். காதில் விழவில்லை.

நாலாம் நாள் எஞ்சின் இருமியது, தும்மியது, ஓடியே விட்டது! சின்னுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் தண்ணீரோடு கூடவே ஓடினார். எட்டுப் பாத்தி பாய்ந்தது. ஒன்பதாவதில் எஞ்சின் நின்றது. குழாயைக் கழற்றினால், உள்ளே கல்லாக இறுகிய மெழுகு. அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவர் பேசாமலிருந்து சௌந்திரம் பார்த்தது அன்றுதான். மனசு கேட்கவில்லை. குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, நடுவால ஒரு தண்ணித் தொட்டி வெச்சு, புகைய அதுக்குள்ள உட்டு எடுத்தா மெழுகு அங்கயே தங்கீராதுங்களா?”

பொழுது சாய்வதற்குள் தொட்டி வைத்தாயிற்று, எஞ்சினும் மறுபடி ஓடியது. கடைசி மூன்று பாத்திக்குப் பிளாஸ்டிக் தீர்ந்தபோது, சந்தையில் வாங்கிய தன் புது பிளாஸ்டிக் வாளியை உடைத்துப் போட்டவள் சாட்சாத் சௌந்திரமேதான். வெங்காயம் பிழைத்தது.

“நீயுமா?” என்றாள் பெருமாயி.

“கோழி எருவுலகூட எடுக்கலாமுங்கக்கா!”

இந்தப் பித்து, கேலி செய்தவரைத்தான் முதலில் பிடிக்கிறது. நீங்களும் சிரித்தீர்கள்தானே? உங்கள் வீட்டுப் பின்கட்டில் விரிசல் விட்ட பக்கெட் ஒன்று கிடக்குமே, சற்று முன் உங்கள் மனசு அங்கே ஒரு நடை போய் வந்ததா இல்லையா?