சொட்டு அண்ணனின் மீசை

டீசலை முறைத்தே பணிய வைக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் ஆலங்குடியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறார். ரேஷன் கார்டில் ஏதோ பெயர் இருக்கும். எங்களுக்கு அவர் 'சொட்டு' அண்ணன்.

பழைய லாரி இஞ்சினைப் பிரித்து மாட்டினால் கடைசியில் டைமிங் வைக்க வேண்டும். டீசல் எந்த நொடியில் உள்ளே பாய வேண்டும் என்று பம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை அது. பம்பின் வாயில் டீசல் ஒழுகிக்கொண்டிருக்கும். பம்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஒழுக்கு சொட்டாகும். சொட்டு நிற்கிற இடத்தில் போல்ட்டை முறுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு அண்ணன் தெருவையே வாய் பொத்த வைப்பார். ஒருமுறை மாப்பிள்ளை அழைப்பு மேளத்தையே நடுரோட்டில் நிறுத்தினார். மாப்பிள்ளை காருக்குள் வியர்த்து வழிந்தபடி, சொட்டு நிற்கக் காத்திருந்தார்.

"கண்ணால பாக்குற வேலைக்கு எதுக்குண்ணே காது?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே தலையிலதானங்க இருக்கு?"

அதன்பிறகு நான் அந்தப் பக்கம் தும்முவதுகூட இல்லை.

என் அக்கா வீட்டுக்காரரின் லாரி ஒருநாள் அங்கே நின்றது. மச்சான் எதிலும் அவசரக்காரர், பக்தியில் இன்னும் அவசரம். டைமிங் வைக்குமுன்பே இஞ்சின் மூடிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டுவிட்டார். வால்வு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்க அந்த மூடியைத்தான் கழற்ற வேண்டும்.

"மாலை போட்டதக் கழட்டக்கூடாதுண்ணே. லோடு போற வண்டி."

"வேணாம் விடுங்க தம்பி. இஞ்சின் மூச்சு எனக்குத் தெரியும். செல்ஃபத் தொட்டதும் புடிக்கலன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்!"

சாதாரண மீசை அல்ல. பஸ்ஸில் அது முதலில் ஏறும். பின்னால்தான் அவர் ஏறுவார். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

சொட்டு நின்றது. போல்ட் முறுகியது. மச்சான் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடிக்கவில்லை.

அண்ணன் மாலையை எடுத்தார். வைக்க இடமில்லாமல் என் கழுத்தில் போட்டார். மூடியைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை டீசல் கேட்கிற இஞ்சின் முழுசாக ஒரு சுற்று தள்ளி நிற்கிறது. விருந்தாளி கை கழுவப் போனபிறகு சாம்பார் ஊற்றின கதை. ஒரு சுற்றுச் சுற்றி, பம்பை மறுபடி பூட்டினார். தொட்டதும் பிடித்தது. நாங்கள் கைதட்டித் திரும்பினால் அண்ணன் எதிர் சலூனில் உட்கார்ந்திருக்கிறார்.

மச்சான் பின்னாலேயே ஓடினார். "அண்ணே, தொறக்கவிடாதது நாந்தானே!"

"மாலை மேல பழி போடாதீங்க. சொன்னது என் வாயி."

மறுநாளிலிருந்து டிரைவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. "சொட்டு அண்ணன் இல்லையா?" என்றால், "வெளியூருங்க. மீசை மொளைச்சதும் வருவாரு" என்று அவரே திருப்பி அனுப்பினார். யாரையும் அதட்டவும் இல்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

லோடு இறக்கித் திரும்பிய மச்சானின் முகத்திலும் மீசையைக் காணோம். கேட்டால், "வெயிலு" என்றார். நானும் எடுத்துவிட்டேன். என் மீசை இருந்ததே ஒரு வதந்திதான். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

சொட்டு அண்ணன் கவனித்தார். தோளில் கிடந்த கிரீஸ் துணியால் ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினார். துடைத்ததில் ஸ்டூல் இன்னும் கறுத்தது. வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தேன்.